கல்லுக்குப் பின் கலமா, கல்லுரலா: ஒரு சொல்லடைவை அகரவரிசைப்படுத்திய பதிவு

என் தந்தையார் நான்கு குறிப்பேடுகள் நிறைய எழுதி வைத்துவிட்டுப் போன வேளாண் சொற்களைத் தட்டச்சு செய்து, அகரவரிசையில் அடுக்கி, உறவினர்களுக்கும் ஊர் நூலகத்துக்கும் கொடுக்கும்படி ஒரு சிறு சொல்லடைவாக அச்சிட வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட வேலை. ஏறத்தாழ 3,600 பதிவுகள். தட்டச்சுதான் பெரும்பாடு, வரிசைப்படுத்துவது கணினிக்கு ஒரு கட்டளை என்று நினைத்திருந்தேன். தட்டச்சு ஆறு வாரத்தில் முடிந்தது. வரிசைப்படுத்தும் வேலை, இடையிடையே கணிதப் புத்தகங்களைத் திறக்கவைத்து, அதைவிட நீண்ட நாள் இழுத்தது. எங்கெங்கே தவறினேன், ஒவ்வொரு தவறும் எந்தக் கணிதக் கருத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை, இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் உள்ள வரிசைப்படுத்தும் கட்டளையை அப்படியே ஓட்டி, ககர வரிசையை மட்டும் அச்செடுத்து, அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் காட்டினேன். அவர் பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, ஐந்து சொற்களை விரலால் தொட்டுக் காட்டினார். கணினி அவற்றைக் கன்று, கறவை, களம், கழனி, கவணை என்ற வரிசையில் நிறுத்தியிருந்தது. “தம்பி, இது அகரவரிசை இல்லை, அகரவரிசையைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறது” என்றார். அவர் சொன்னது மிகையன்று. கவணை, கழனி, களம், கறவை, கன்று என்பதே சரியான வரிசை. ஐந்து சொற்களுக்குள் அமையும் பத்து இணைகளில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. வரிசைமாற்றங்களைப் பற்றிப் பேசும்போது, முன்பின்னாக நிற்கும் இணைகளை எண்ணிப் பார்ப்பது கணிதத்தில் வழக்கம். ஐந்து பொருள்களுக்கு அந்த எண்ணிக்கை பத்துக்கு மேல் போக முடியாது. கணினி எனக்குக் கொடுத்தது அந்த உச்சத்தை.

காரணம், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரமான ஒருங்குறியின் (யூனிகோடு) எண்களில் இருக்கிறது. கணினி எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட எண்களை ஒப்பிடுகிறது. இந்திய மொழிகளுக்கான ஒருங்குறிப் பகுதிகள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி (ISCII) என்ற இந்திய எழுத்துக் குறியீட்டுத் தரத்தை அடியொற்றி அமைக்கப்பட்டவை. தேவநாகரியின் அடுக்கில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில்தான் தமிழின் ஒத்த எழுத்தும் வைக்கப்பட்டது. தமிழுக்கு இல்லாத எழுத்துகளின் இடங்கள் வெற்றிடங்களாக விடப்பட்டன; னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னாலும் போய் உட்கார்ந்தன; ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே நுழைந்தது. எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவன என்று தொல்காப்பியம் வகுத்த வரிசையில் கடைசியாக நிற்கும் ன, கணினியில் பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆய்தமும் அகரத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆனால் அது மட்டும் தவறான இடத்தில் இருந்தும் தவறு செய்யவில்லை. சொல்லின் நடுவே ஆய்தத்தோடு போட்டியிட உயிரெழுத்து வருவதில்லை. ஆகவே எஃகு தன் இடத்திலேயே நின்றது.

இதைச் சரிசெய்வது எளிது. பதினெட்டு மெய்களுக்கும் நம் வரிசைப்படி புதிய எண்களைக் கொடுத்து, கிரந்த எழுத்துகளைக் கடைசியில் சேர்த்து, அந்த எண்களின்படி ஒப்பிடச் சொன்னேன். அகராதி வரிசை என்பதில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன என்பது இங்கேதான் எனக்குத் தெளிந்தது. ஒன்று விதி: இரண்டு சொற்களை இடமிருந்து ஒப்பிட்டுக்கொண்டே சென்று, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எந்தச் சொல்லின் எழுத்து முந்தியதோ அந்தச் சொல் முந்தும், வேறுபாடே காணாமல் ஒரு சொல் முடிந்துவிட்டால், முடிந்த சொல் முந்தும். மற்றொன்று, அந்த விதிக்கு நாம் ஊட்டும் அடிப்படை வரிசை. எழுத்துகள் முழு வரிசையில் இருந்தால், அதாவது எந்த இரண்டு எழுத்தை எடுத்தாலும் எது முந்தியது என்று சொல்ல முடிந்தால், சொற்களும் தாமாகவே முழு வரிசையில் வந்துவிடும் என்பதை நாலு வரியில் நிறுவிவிடலாம். விதி எல்லா மொழிக்கும், எல்லாக் கணிதத்துக்கும் ஒன்றேதான். என் தவறுகள் அனைத்தும் அடிப்படை வரிசையைச் சார்ந்தவை என்று அப்போது நினைத்தேன். எழுத்து என்பது எது என்ற கேள்வி ஒன்று பாக்கி இருப்பது அடுத்த அச்செடுப்பில்தான் தெரிந்தது.

அந்த அச்செடுப்பில் நான்கு சொற்கள் கலப்பை, கலம், கல், கல்லுரல் என்று வந்தன. கல் என்ற ஈரெழுத்துச் சொல், அதைவிட நீண்ட கலப்பைக்குப் பின்னால் எப்படிப் போனது? காரணம், ஒருங்குறியில் ‘ல்’ என்பது ஓர் எழுத்தன்று. ‘ல’ என்ற குறியும் அதன்மேல் வைக்கப்படும் புள்ளிக் குறியும் சேர்ந்த இரண்டு. புள்ளியின் எண், எல்லா மெய்களின் எண்களையும் எல்லா உயிர்க்குறிகளின் எண்களையும்விடப் பெரியது. ஆகவே கல் என்பது கணினிக்கு க, ல, புள்ளி என்ற மூன்று. கலப்பை என்பது க, ல, ப என்று தொடங்குவது. மூன்றாம் இடத்தில் பகரம் புள்ளிக்கு முந்தியது. விதி பிழைக்கவில்லை. அது ஒப்பிட்ட துண்டுகள் நம் எழுத்துகள் அல்ல.

அப்படியானால் சரியான துண்டு எது? உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரிப்பதுதான் இலக்கணப்படி சரி என்று எண்ணி, கலம் என்பதை க், அ, ல், அ, ம் என்று ஐந்து ஒலிகளாகப் பிரித்து ஒப்பிட்டேன். கல், கலப்பை, கலம், கல்லுரல் என்று வந்தது. மூன்றாம் ஒலி வரை எல்லாம் ஒன்று. நான்காம் இடத்தில் கல் முடிந்துவிடுகிறது, ஆகவே அது முதலில். கலப்பைக்கும் கலத்துக்கும் அங்கே அகரம், கல்லுரலுக்கு ல். உயிர் மெய்க்கு முந்தியது என்பதால் கல்லுரல் கடைசியில். குறையே இல்லாத ஏரணம். ஆசிரியர் இதையும் ஏற்கவில்லை. “கல்லுக்குப் பக்கத்தில் கல்லுரல் இருக்க வேண்டாமா? க், க, கா, கி என்றுதானே பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணை இருக்கிறது?” என்று கேட்டார். அவர் மனத்தில் இருந்தது இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளின் வரிசை. அதில் ‘ல்’ ஓர் எழுத்து, ‘ல’ அடுத்த எழுத்து. அந்த எழுத்துகளைத் துண்டுகளாகக் கொண்டால் கல், கல்லுரல், கலப்பை, கலம் என்று வருகிறது.

நான்கே சொற்கள், ஒரே விதி, துண்டாக்கும் முறையில் மட்டும் மாற்றம்; மூன்று வெவ்வேறு வரிசைகள் கிடைத்தன. புள்ளி எழுத்தைக் குடும்பத்தின் தலையில் வைப்பதா, ஔகாரத்துக்குப் பின் கடைசியில் வைப்பதா என்பதில் அச்சு அகராதிகள் எல்லாம் ஒரே வழியில் நிற்பதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு பதிப்பாசிரியரின் விருப்பம் என்றே அதை எடுத்துக்கொண்டிருந்தேன். விருப்பம்தான்; ஆனால் அந்த விருப்பம் புள்ளியைப் பற்றியதன்று, எழுத்தைப் பற்றியது. ஒலியை அலகாகக் கொள்கிறவருக்குப் புள்ளி பின்னால் வருவது தவிர்க்க முடியாத விளைவு; உயிர்மெய்யை அலகாகக் கொள்கிறவருக்கு அது முன்னால் வருவது இயல்பு. ஆசிரியரின் வழியையே எடுத்துக்கொண்டேன். படிக்கப் போகிறவர்கள் சுவர் அட்டவணையில் எழுத்து கற்றவர்கள்.

இதற்குப் பின் எழுத்துகளின் முழுப் பட்டியலை ஒன்று முதல் எண்ணிட்டேன். உயிர் 12, ஆய்தம் 13ஆம் எண், பின்னர் ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி எழுத்து ஒன்றும் உயிர்மெய் பன்னிரண்டுமாகப் பதின்மூன்று, பதினெட்டுக் குடும்பங்களுக்கு 234, ஆக 247. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கு குடும்பங்களுக்கு 52, க்ஷ குடும்பத்துக்கு 13, ஸ்ரீ ஒன்று, மொத்தம் 313. ஒவ்வொரு சொல்லும் இந்த எண்களின் பட்டியலாக மாறியது. கன்று என்பது 15, 235, 227. காடு என்பது 16, 71.

இங்கே ஒரு குறுக்கு வழியில் இறங்கி இரண்டு மாலைகளை இழந்தேன். பட்டியலை வைத்துக்கொண்டு ஏன் ஒப்பிட வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் ஒற்றை எண்ணாக மாற்றிவிட்டால் எண்களை ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றியது. முதல் எழுத்தின் எண்ணை நூறால் வகு, இரண்டாவதைப் பத்தாயிரத்தால் வகு, இப்படியே தசமப் புள்ளிக்குப் பின் இரண்டிரண்டு இடமாக எழுதிக் கூட்டு. காடு 0.1671 ஆனது. கன்று 0.15, 0.0235, 0.000227 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக 0.173727 ஆகி, காட்டைத் தாண்டிப் போனது. இரண்டாம் இடத்தின் 235, நூறுக்குள் அடங்காமல் முதல் இடத்துக்குள் வழிந்துவிட்டது. அகராதி விதியில் முதல் எழுத்தில் தோற்ற சொல்லைப் பின்னால் வரும் எத்தனை எழுத்துகளாலும் மீட்க முடியாது. கூட்டுத்தொகையிலோ பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை ஈடுகட்டிவிடுகிறது. வழியாமல் இருக்க, நூறாக இருந்த அடியை, அதாவது வகுக்கும் எண்ணை, எழுத்துகளின் எண்ணிக்கையைவிடப் பெரிதாக, அதாவது 314ஆக, வைக்க வேண்டும். வைத்தேன், கன்று திரும்பி வந்தது.

மறுநாள் வரப்புவெட்டுதல், வரப்புவெட்டுக்கூலி என்ற இரண்டும் ஒரே எண்ணைப் பெற்றிருப்பதைக் கண்டேன். கணிதம் பிழையற்றது, எண்ணை வைக்கும் பாத்திரம் சிறியது. கணினி பின்ன எண்களுக்குக் கொடுக்கும் வழக்கமான 64 பிட்டு (0 அல்லது 1 என்ற இலக்கம்) இடத்தில் துல்லியத்துக்கு உரியது 53 பிட்டு. 314 என்ற அடியில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 8.3 பிட்டு வேண்டும். ஆக ஆறு எழுத்து வரை உறுதி, ஏழாவது சிலவேளை, எட்டாவது கிடையாது. இந்த இரண்டு சொற்களும் எட்டாம் எழுத்தில்தான் பிரிகின்றன. குறுக்கு வழியைக் கைவிட்டுப் பட்டியலாகவே ஒப்பிட்டேன். பைத்தான் பட்டியல்களை இயல்பாகவே அகராதி விதிப்படிதான் ஒப்பிடுகிறது என்பதால் தனியாக எதுவும் எழுதத் தேவைப்படவில்லை.

ஆனாலும் இந்த இரண்டு மாலைகளும் முழு நட்டமாகவில்லை. முடிவுள்ள எழுத்துத் தொகுதியில் அமைந்த சொற்களுக்காவது, துல்லியமான பின்னங்களைப் பயன்படுத்தினால், வரிசை குலையாமல் எண் கொடுத்துவிட முடிகிறது. எழுத்துகளுக்குப் பதிலாக மெய்யெண்களே இரண்டு இடங்களிலும் வந்தால் அதுவும் முடியாது என்பது பொருளியலில் புகழ்பெற்ற செய்தி. பொருளியலாளர் ஜெரார் டெப்ரூ 1954இல் எழுதிய கட்டுரையில் இது எடுத்துக்காட்டாக வருகிறது. முதல் பொருளின் அளவை முதலில் பார், அது சமமானால்தான் இரண்டாவதைப் பார் என்று தேர்வு செய்கிறவரின் விருப்ப வரிசையை எந்த எண் அளவையாலும் குறிக்க முடியாது. காரணம் சிறியது, அழகியது. முதல் அளவு ஒவ்வொன்றுக்கும், இரண்டாம் அளவு சுழியமாக உள்ள புள்ளிக்கும் ஒன்றாக உள்ள புள்ளிக்கும் வெவ்வேறு எண்கள் கிடைக்க வேண்டும். அவற்றுக்கிடையே ஓர் இடைவெளி இருக்கும். வெவ்வேறு முதல் அளவுகளின் இடைவெளிகள் ஒன்றையொன்று தொடா. ஒவ்வோர் இடைவெளிக்குள்ளும் ஒரு விகிதமுறு எண்ணாவது இருந்தாக வேண்டும். விகிதமுறு எண்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம்; மெய்யெண்களை எண்ண முடியாது. ஆகவே இடம் போதாது. என் 53 பிட்டுப் பாத்திரம் நிரம்பி வழிந்ததும், மெய்யெண் கோடே நிரம்பி வழிவதும் ஒரே வகைச் சிக்கல் என்று எனக்குப் படுகிறது.

அடுத்தது கொழு. ஏர்க்கலப்பையின் நுனியில் உள்ள இரும்பைக் குறிக்கும் அந்தச் சொல் இரண்டு இடங்களில் வந்திருந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றைக் கைப்பேசியிலும் மற்றதைக் கணினியிலும் தட்டச்சு செய்திருந்தேன். ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று தரம் சொல்கிறது, ஆனால் வெறும் எண் ஒப்பீடு அதை அறியாது. முழு வரிசை என்று சொல்லிக்கொள்ளும் எதற்கும் உள்ள நிபந்தனைகளில் ஒன்று, இரண்டில் எதுவும் மற்றதற்கு முந்தாவிட்டால் இரண்டும் ஒன்றே என்பது. இங்கே தலைகீழாக, ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு முன்பின்னாக நின்றன. எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்கக் கட்டளை ஒன்று உண்டு; அது கொழுவைச் சேர்த்துவைத்தது. வௌவால் மட்டும் மசியவில்லை: நான் ஒருமுறை ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டிருந்தேன். அது கணினிக்கு உண்மையான வெகரமும் ளகரமும்தான். கையால் திருத்தினேன்.

சரியாகிவிட்டது என்று எப்படி நம்புவது? கண்ணால் பார்த்து நம்பும் நிலையை நான் தாண்டிவிட்டிருந்தேன். பதினோராம் வகுப்பில், ஒரு சொல்லின் எழுத்துகளை எல்லா வகையிலும் மாற்றி அகராதி வரிசையில் எழுதினால் அந்தச் சொல் எத்தனையாவதாக வரும் என்று ஒரு கணக்கு உண்டு, அதையே சோதனையாக்கினேன். கமலம் என்ற சொல்லில் க, ம, ல, ம் என்ற நான்கு வேறு எழுத்துகள். சரியான வரிசை க, ம், ம, ல. முதலிடத்தில் ககரம், அதற்கு முந்தியது எதுவுமில்லை: சுழியம். இரண்டாம் இடத்தில் மகரம். மீதியுள்ளவற்றில் அதற்கு முந்தியது ம் ஒன்று. அதை அங்கே வைத்தால் மற்ற இரண்டையும் இரண்டு வகையில் அடுக்கலாம்: இரண்டு. மூன்றாம் இடத்தில் லகரம். முந்தியது ம் ஒன்று: ஒன்று. ஆக மூன்று சொற்கள் முன்னால் நிற்கின்றன, கமலம் நான்காவது. நிரல் அடுக்கிய இருபத்துநான்கிலும் அது நான்காவதாகவே வந்தது. பழைய எண் ஒப்பீட்டில் இரண்டாவதாக வந்திருக்கும். இந்தச் சோதனையின் பலம், விடையை வரிசைப்படுத்தாமலேயே கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒரே தவறை இருபுறமும் செய்து ஒத்துப்போய்விட வாய்ப்பில்லை.

மாற்றங்களை ஒவ்வொன்றாக அகராதி வரிசையில் எழுத ஒரு பழைய முறை இருக்கிறது. 1356இல் நாராயண பண்டிதர் இயற்றிய கணித கௌமுதியோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. வலமிருந்து பார்த்து, தன் வலப்பக்கத்து எழுத்தைவிட முந்திய எழுத்து முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கே நில். அதன் வலப்புறத்தில் அதற்குப் பிந்தியவற்றுள் மிகச் சிறியதோடு இடம் மாற்று. மாற்றிய இடத்துக்கு வலப்புறம் இருப்பதைத் திருப்பிப் போடு. அடுத்த சொல் கிடைத்துவிடும். தாளில் நான்கு எழுத்தை வைத்துச் செய்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு மாலைப் பொழுதுக்கான விளையாட்டு.

இந்த வெற்றியில் துணிந்து, நீளம் எதுவாக இருந்தாலும் எல்லா எழுத்துத் தொடர்களையும் அகராதி வரிசையில் உண்டாக்கிச் சோதிப்போம் என்று ஒரு நிரல் எழுதினேன். அது அ, அஅ, அஅஅ, அஅஅஅ என்று திரை நிறைய எழுதிக்கொண்டே போனது, ஆ வரவேயில்லை. வரவும் வராது. அகராதி வரிசையில் எந்தத் தொடருக்கும் அடுத்தது அதனோடு ஓர் அகரத்தைச் சேர்த்ததுதான். அகரத்திலிருந்து ஆகாரத்துக்குப் போகும் வழியில் முடிவில்லாத தொடர்கள் நிற்கின்றன. இறங்கும் திசையிலும் அப்படியே: ஆ, அஆ, அஅஆ, அஅஅஆ என்று ஒவ்வொன்றும் முன்னதைவிட முந்தியதாக, தரையே தட்டாமல் இறங்கிக்கொண்டிருக்கலாம். இறங்கினால் ஓரிடத்தில் நின்றாக வேண்டும் என்ற பண்புள்ள வரிசையை நல்வரிசை என்கிறார்கள். சொற்களின் அகராதி வரிசைக்கு அந்தப் பண்பு இல்லை. மருந்து, முதலில் நீளத்தை ஒப்பிடுவது; நீளம் சமமானால் மட்டும் அகராதி விதி. அப்போது ஓரெழுத்துத் தொடர்கள் 313, அடுத்து ஈரெழுத்துத் தொடர்கள் 97,969 என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை எண் கிடைத்துவிடுகிறது, நிரலும் எந்தத் தொடரையும் ஒருநாள் எட்டிவிடுகிறது. அகராதியாக அச்சிட இது உதவாது. சோதனைக்கு இதுவே வேண்டும்.

நீளம் நிலையாக இருந்தால் இந்த நோய் வராது என்பதையும் சொல்ல வேண்டும். சுழியத்தில் தொடங்கும் முழு எண்களின் இணைகளை அகராதி விதிப்படி அடுக்கினால், (1, 0) என்பதற்குக் கீழே (0, 0), (0, 1), (0, 2) என்று முடிவில்லாதவை இருந்தாலும், இறங்கத் தொடங்கியவர் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். பல மாறிகள் உள்ள கோவைகளின் உறுப்புகளை இயற்கணிதத்தில் அடுக்கும்போது மாறிகளின் அடுக்குகளை இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். கணிதவியலாளர் புருனோ புக்பெர்கர் 1965இல் தம் ஆய்வேட்டில் இத்தகைய கோவைகளுக்குக் கொடுத்த வழிமுறை ஓரிடத்தில் நிற்கும் என்பதும் இத்தகைய வரிசைகளின் பண்பைச் சார்ந்தது. அங்கேயும் தேர்வுகள் நம்முடையவை போன்றவைதான்: எந்த மாறிக்கு முதலிடம், மொத்தப் படியை முதலில் பார்ப்பதா வேண்டாமா. இரண்டாவது தேர்வு, நீளத்தை முதலில் பார்ப்பதன் உடன்பிறப்பு.

கடைசிச் சோதனையாக இருநூறு சொற்களைத் துண்டுச்சீட்டுகளில் அச்சிட்டு ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் முதல் எழுத்துவாரியாகக் குவித்து, ஒவ்வொரு குவியலையும் இரண்டாம் எழுத்துவாரியாகப் பிரித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். நான் எதிர்த்திசையில், கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய ஒழுங்கு கலையாமல் சேர்த்துக்கொண்டு வந்தேன். ஒரே நீளமுள்ள எண்களுக்கு அது அருமையான முறை. நீளம் மாறும் சொற்களுக்குத் தண்டனை. ஆனால் முந்தைய ஒழுங்கைக் கலைக்காமல் அடுக்குவது என்ற கருத்து உடனே பயன்பட்டது. ஆசிரியர் எதுகை அடைவு ஒன்றும் வேண்டும் என்றார். முடிந்த பட்டியலை எடுத்து, முந்திய ஒழுங்கு கலையாதபடி இரண்டாம் எழுத்தால் ஒருமுறையும், முதலெழுத்து குறிலா நெடிலா என்பதால் ஒருமுறையும் அடுக்கினேன். எதுகை அடைவு கைக்கு வந்தது. இடங்களின் முன்னுரிமையை மாற்றிய அகராதி வரிசைதான் அது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதி இந்தத் தேவைக்காகவே பிறந்தது. அதற்கும் முன்னால், 1594இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின்படி மட்டும் அடுக்கியது; முதலெழுத்து ஒன்றாக இருக்கும் சொற்களுக்குள் எது முந்தியது என்று அது சொல்வதில்லை. பொருள்வாரியாக அடுக்கிய நிகண்டுகளுக்குப் பழகியவர்களுக்கு அந்த ஒரு படியே பெரிய மாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

இடைவெளி உள்ள பதிவுகளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நெல் வகை, நெல்மணி என்ற இரண்டில், இடைவெளியை எல்லா எழுத்துக்கும் முந்திய குறியாகக் கொண்டால் நெல் வகை முதலில் வரும். இடைவெளியை மறந்துவிட்டால் மகரம் வகரத்துக்கு முந்தியது என்பதால் நெல்மணி முதலில் வரும். முன்னதை எடுத்துக்கொண்டேன், தொடர் என்பது சொற்களின் வரிசை, சொல் என்பது எழுத்துகளின் வரிசை, இரண்டு அடுக்கிலும் ஒரே விதி.

எல்லாம் முடிந்தது என்று அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவு, படி என்ற சொல்லில் கண் நின்றது. அளக்கும் படி, ஏறும் படி, கூலியாகக் கொடுக்கும் படி என்று தந்தையார் வெவ்வேறு இடங்களில் எழுதியிருந்தார். எழுத்தில் எல்லாம் சமம் என்பதால், குறிப்பேட்டுப் பக்க எண்ணைக் கடைசி அளவுகோலாகச் சேர்த்திருந்தேன். 112ஆம் பக்கத்துப் படி முதலிலும் 98ஆம் பக்கத்துப் படி பின்னரும் நின்றன. பக்க எண்ணை எண்ணாகச் சேர்க்காமல் எழுத்துத் தொடராகச் சேர்த்துவிட்டேன். தொடராகப் பார்த்தால் 1 என்பது 9க்கு முந்தியது, அகராதி விதி அதற்குமேல் பார்க்காது. எண்களை நாம் அன்றாடம் ஒப்பிடுவது, நீளத்தை முதலில் பார்க்கும் அந்த மற்றொரு வரிசையில்தான்: மூன்று இலக்கம் இரண்டு இலக்கத்துக்குப் பிந்தியது, இலக்கங்களின் எண்ணிக்கை சமமானால்தான் இடமிருந்து ஒப்பீடு. ஒரு வரியை மாற்றி, நான்கு குறிப்பேடுகளின் எல்லாப் பதிவுகளையும் மீண்டும் ஓட்டினேன். 98 முன்னே வந்தது, 112 பின்னே போனது. ககர வரிசையில் கல்லும் கல்லுரலும் அடுத்தடுத்து நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பை அனுப்பினேன்.